எடிட்டர் செய்யற வேலையை எடிட்டர்கிட்டயே விடுங்க

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். தீர்மான நோட்டில் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். நம் கூட்டமைப்பின் இணையப் பக்கத்தை இனி வெளியாளிடம் கொடுப்பதில்லை, நம்மவர்களே பார்த்துக்கொள்வது என்பதுதான் அந்தத் தீர்மானம். கையெழுத்துப் போடும்போதே பாதிப் பேருக்கு "இது நம்மால ஆகுமா" என்ற யோசனை இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஏன் இந்தத் தீர்மானம் போட்டோம் என்பதை முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். நிலக்கடலை விலை ஏறியபோது கடலை மிட்டாய் பாக்கெட்டை 40 ரூபாயிலிருந்து 45 ரூபாய் ஆக்கினோம். கூட்டத்தில் முடிவு செய்தாச்சு, பாக்கெட்டில் ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. இணையப் பக்கத்தில் மட்டும் 40 ரூபாய் அப்படியே நின்றது. பக்கத்தைச் செய்து தந்தவருக்குப் போன் செய்தால் இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. ஒரு எண்ணை மாற்றுவதற்கு அவருக்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். அதற்குள் 60 பாக்கெட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. "பக்கத்தில் போட்ட விலைக்குத்தானே தரணும்" என்று வாங்கியவர் கேட்டார். கேட்டது நியாயம்தான், கொடுத்தோம். பாக்கெட்டுக்கு 5 ரூபாய் வீதம் 300 ரூபாய் போச்சு. அது யாருடைய பணம்? அடுப்படியில் நின்று கடலை வறுத்தவர்களுடைய கூலி.

அதனால்தான் இந்த வேலை நம் கைக்கு வரணும். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நாலு பேர் உறுப்பினர்கள், ரெண்டு பேர் உறுப்பினர்களின் மகள்கள். இன்றைக்கு நான் சொல்வது முக்கியமாக அந்த ஆறு பேருக்கு. ஆனால் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்க. கணக்கு எழுதுவது ஊக்குநராக இருந்தாலும் நோட்டில் எது எங்கே எழுதியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்? இதுவும் அப்படித்தான்.

இணையப் பக்கம் என்பது எழுத்தால் ஆன ஒரு ஃபைல்தான். அந்த எழுத்துக்குப் பெயர் எச்.டி.எம்.எல். சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் என்ற ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989-ல் இந்த இணையத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993-ல் செர்ன் நிறுவனம் இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. ஆகவே இதை எழுத நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, உரிமத் தொகை கட்ட வேண்டியதும் இல்லை.

அந்த எழுத்தில் டேக் என்று ஒன்று வரும். "இங்கிருந்து தலைப்பு தொடங்குது" என்று ஒரு டேக், "இங்கே தலைப்பு முடியுது" என்று ஒரு டேக். பத்திக்கு ஒரு ஜோடி, பட்டியலுக்கு ஒரு ஜோடி. படம் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் ஒற்றை டேக். மூட்டை கட்டுகிற மாதிரிதான். வாயைத் திறந்து சாமானைப் போட்டால் கடைசியில் கட்டிவிட வேண்டும். ஒரு மூட்டையைக் கட்டாமல் விட்டால் அடுத்த மூட்டைச் சாமானும் அதில் சேர்ந்து விழும். ஒரு தலைப்பை முடிக்காமல் விட்டால் அதற்குக் கீழே இருக்கிற விலைப்பட்டியல் முழுக்கத் தலைப்பு மாதிரி பெரிய எழுத்தில் வரும். பார்க்கிறவர் பயந்து ஓடிவிடுவார்.

இதை எழுதுகிற இடம்தான் எடிட்டர். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூடவே வரும் நோட்பேடில்கூட எழுதலாம். ஆனால் நோட்பேடுக்கு டேக் என்றால் என்ன என்றே தெரியாது. வெறும் காகிதம் மாதிரி, நாம் எழுதியதை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த வேலைக்கென்றே உள்ள எடிட்டர் டேக்கை ஒரு நிறத்திலும் நம் வாசகத்தை ஒரு நிறத்திலும் காட்டும், ஜோடி விட்டுப்போகாமல் பார்க்கும், தேடித் தரும். இரண்டு எடிட்டரைச் சொல்கிறேன், இரண்டும் இலவசம். ஒன்று நோட்பேட் பிளஸ் பிளஸ், 2003-ல் வந்தது. இன்னொன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த விஷுவல் ஸ்டுடியோ கோட். நம் பெண்கள் பேச்சு வழக்கில் வி.எஸ். கோட் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எது நமக்கு? கம்ப்யூட்டரைப் பொறுத்தது. சில வீட்டில், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மகள் வாங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய மடிக்கணினிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும், பாரம் தராது. விண்டோஸ் 7 இருக்கிற கம்ப்யூட்டரில் வி.எஸ். கோடின் புதிய பதிப்புகள் வேலை செய்யாது. கூட்டமைப்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் வி.எஸ். கோட் போட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒன்றையே முதலில் பழகுங்க. காரணம் சொல்கிறேன். கன்ட்ரோலும் டி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் நோட்பேட் பிளஸ் பிளஸ் அந்த வரியை இன்னொரு தடவை கீழே எழுதிக் கொடுக்கும். வி.எஸ். கோடில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதே இரண்டு விசையை அழுத்தினால் அதே சொல் அடுத்து எங்கே இருக்கிறதோ அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு இடத்திலும் மாறிவிடும். கை ஒரு பழக்கத்தில் இருந்து, எடிட்டர் வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும். இன்று நான் சொல்வதெல்லாம் அலுவலகத்து வி.எஸ். கோடை வைத்துத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, எனக்கு வேகமா டைப் அடிக்க வராது" என்று மூன்று பேர் சொன்னீர்கள். வேண்டியதில்லை. டேக்கைத் திறப்பது, மூடுவது, வரிசையாக அடுக்குவது, ஒரே மாதிரி பன்னிரண்டு வரி எழுதுவது எல்லாம் எடிட்டர் செய்யக்கூடிய வேலை. கடலை மிட்டாய் 45 ரூபாயா 40 ரூபாயா என்பது எடிட்டருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். எடிட்டர் வேலையையும் நாமே செய்துகொண்டிருந்தால் கை வலிக்கும், விலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணும் சோர்ந்துபோகும்.

முதல் வேலை, புதுப் பக்கம் தொடங்குவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு பத்துப் பன்னிரண்டு வரி எழுதியாக வேண்டும், எப்போதும் அதே வரிகள். அதை மனப்பாடம் செய்யாதீங்க. ஃபைலை எச்.டி.எம்.எல். என்று பெயர் முடிகிற மாதிரி சேமித்துவிட்டு, ஒரு ஆச்சரியக்குறி போட்டு டேப் விசையை அழுத்துங்க. அத்தனை வரியும் தானாக வந்து நிற்கும். இந்த வசதிக்கு எம்மெட் என்று பெயர், வி.எஸ். கோடுக்குள்ளேயே இருக்கிறது.

வந்து நிற்கிற வரிகளில் இரண்டு, நமக்கு உயிர் மாதிரி. ஒன்றில் யு.டி.எஃப்.-8 என்று இருக்கும். அது இருந்தால்தான் தமிழ் எழுத்து தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாக வரலாம். இன்னொரு வரி, செல்போன் திரைக்கு ஏற்றபடி பக்கத்தைக் காட்டச் சொல்வது. நம்மிடம் வாங்குகிறவர்கள் செல்போனில்தான் பார்க்கிறார்கள், அதனால் அதை அழித்துவிடாதீங்க. ஒன்றை மட்டும் நாம் கையால் மாற்ற வேண்டும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று ஈ, என் இரண்டு எழுத்தில் போட்டிருக்கும். அதை டி, ஏ என்று மாற்றுங்க. தமிழுக்கு அதுதான் குறி. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிற கருவி அந்தக் குறியைப் பார்த்துத்தான் தமிழில் படிக்கும்.

அடுத்தது பட்டியல். நம்மிடம் பன்னிரண்டு பொருள் இருக்கிறது. பட்டியல் டேக் ஒன்று, அதற்குள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஜோடி என்றால் மொத்தம் 26 டேக். ஒவ்வொன்றாக அடித்தால் ஒன்றிரண்டு கண்டிப்பாக விட்டுப்போகும். அதற்குப் பதில் ஒரே வரியாக, ஆங்கில எழுத்தில் யு.எல். என்று அடித்து, பெரியது என்பதற்குக் கணக்கில் போடுகிற குறியை வைத்து, எல்.ஐ. என்று அடித்து, நட்சத்திரக் குறி போட்டு, 12 என்று எழுதுங்க. இடையில் இடைவெளி விடக் கூடாது. பிறகு டேப். பன்னிரண்டு காலி இடத்தோடு பட்டியல் தயார். முதல் இடத்தில் எழுதிவிட்டு மறுபடி டேப் அழுத்தினால் அடுத்த இடத்துக்குப் போகும். வரிசையாகப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி நிரப்பிக்கொண்டே போகலாம்.

இங்கே தமிழில் வேலை செய்கிற நமக்கென்று ஒரு யோசனை. இதை ஆங்கிலத்தில் சொல்லித் தருகிற பாடங்களில் பார்க்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டேக் எல்லாம் ஆங்கில எழுத்து, பொருளின் பெயரும் விவரமும் தமிழ் எழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலம், தமிழ், ஆங்கிலம் என்று விசைப்பலகையை மாற்றிக்கொண்டே இருந்தால் நேரம் அதிலேயே போய்விடும். நடுவில் மாற்ற மறந்து டேக்கைத் தமிழில் அடிப்பதும் நடக்கும். கோலத்துக்கு முதலில் புள்ளி முழுக்க வைத்துவிட்டுத்தானே இழுக்கிறோம்? அதே மாதிரி ஆங்கிலத்தில் டேக் அத்தனையும் முதலில் வைத்துவிடுங்க. பிறகு ஒரே ஒரு தடவை தமிழுக்கு மாற்றி, மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு வாருங்க. விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தட்டச்சு முறை தமிழ்99 ஆனாலும் சரி, ஆங்கில ஒலிப்படி அடிப்பதானாலும் சரி, உங்கள் விருப்பம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99 நல்லது என்பது என் அபிப்பிராயம், விசை அழுத்துவது குறையும்.

டி.டி.பி. கடையில் அடித்து வாங்கின நோட்டீஸ் வாசகத்தை அப்படியே எடுத்துப் பக்கத்தில் ஒட்டலாமா என்று கேட்டார்கள். பார்த்துச் செய்யணும். பல கடைகளில் இன்னும் பழைய வகை எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அது அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் மட்டும் தமிழாகத் தெரியும், நம் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து வரும். கடைக்காரரிடம் "யூனிகோடில் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்க. அந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

வேர்டில் எழுதி ஒட்டுவதிலும் ஒரு வம்பு உண்டு. வேர்ட் நாம் போடுகிற நேரான மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துவிடும். படிக்கிற வாசகத்தில் வளைந்த குறி வந்தால் ஒன்றும் ஆகாது. டேக்குக்குள் வந்தால் அது எடிட்டருக்கும் புரியாது, பிரவுசருக்கும் புரியாது. படத்தின் பெயர் சரியாகத்தான் இருக்கும், படம் மட்டும் வராது. மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்போம். டேக் சம்பந்தப்பட்ட எதையும் எடிட்டரிலேயே அடியுங்க.

இனி தேடி மாற்றுவது. இதில்தான் நேரமும் மிச்சம், ஆபத்தும் அதிகம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் தேடலாம். கன்ட்ரோலும் எச்-உம் அழுத்தினால் தேடி மாற்றலாம். மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் வரும். மேலே பழையது, கீழே புதியது. ஒவ்வொன்றாக மாற்ற ஒரு பட்டன், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஒரு பட்டன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பக்கத்தில் மல்லி என்று இருக்கிறது, கொத்தமல்லி என்று மாற்றலாம் என்று முடிவு செய்கிறோம். மேலே மல்லி, கீழே கொத்தமல்லி போட்டு எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்துகிறோம். மல்லித்தூள் கொத்தமல்லித்தூள் ஆகும், சரி. ஏற்கனவே கொத்தமல்லி என்று இருந்த இடம் கொத்தகொத்தமல்லி ஆகும். மல்லிகைச் சரம் கட்டுகிற குழுவின் பக்கத்தில் கொத்தமல்லிகைச் சரம் என்று வந்து நிற்கும். சிரிக்கிறீர்கள், எடிட்டருக்குச் சமையலும் தெரியாது, பூவும் தெரியாது. எழுத்து ஒத்துப்போனால் மாற்றிவிடும்.

சொல்லில் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், விலையில் வந்தால் அழ வேண்டியதுதான். 40-ஐ 45 ஆக்கு என்று ஒரேயடியாகக் கொடுத்தால், 240 ரூபாய் கருப்பட்டி 245 ஆகும். 400 ரூபாய் நல்லெண்ணெய் 450 ஆகும். 140 கிராம் என்று எடை போட்ட இடம் 145 கிராம் ஆகிவிடும். எடை கூடப் போட்டுக் குறைத்துக் கொடுத்தோம் என்ற பெயர் நமக்கு வேண்டுமா? "ரூ. 40" என்று ரூபாயோடு சேர்த்துத் தேடினாலும் போதாது, "ரூ. 400" என்பதிலும் அது இருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்க. தேடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே முழுச்சொல்லாக மட்டும் தேடு என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். எண்ணைத் தேடும்போது அதை அழுத்திவிடுங்க. 40 தனியாக நிற்கிற இடம் மட்டும் அகப்படும், 140, 400 எல்லாம் ஒதுங்கிவிடும். தமிழ்ச் சொல்லுக்கு இது எப்போதும் உதவாது, நம் மொழியில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொள்ளும், மல்லித்தூள் மாதிரி. எதுவானாலும் எத்தனை இடத்தில் அகப்பட்டது என்று எண்ணிக்கை காட்டும், அதைப் பாருங்க. மூன்று இடம்தான் இருக்கணும் என்று நினைத்தால் பதினொன்று காட்டுகிறதா, உடனே கையை எடுத்துவிடுங்க. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்க. பன்னிரண்டு பொருளுக்கு இதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? ஆகட்டும். தெரியாமல் எல்லாம் மாறிவிட்டதா, வேறு எதையும் தொடாமல் கன்ட்ரோலும் இசட்-உம் அழுத்துங்க, பழையபடி வந்துவிடும்.

கூட்டமைப்பின் போன் நம்பர் மாறினால் எல்லாப் பக்கத்திலும் மாற்றணும். பக்கம் பக்கமாகத் திறக்க வேண்டாம். ஃபோல்டரை முழுதாக எடிட்டரில் திறந்துகொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றும் அழுத்தினால் அந்த நம்பர் எந்தெந்த ஃபைலில் எந்த வரியில் இருக்கிறது என்று பட்டியலே கொடுக்கும். போன் நம்பர் பத்து இலக்கம், வேறு எதோடும் குழம்பாது. அதை மட்டும் தைரியமாக ஒரேயடியாக மாற்றலாம். அப்போதும் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான்.

நகல் என்றதும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் ஃபோல்டரை நகல் எடுத்து அன்றைய தேதியைப் பெயராக வைப்பது நம் வழக்கமாக இருக்கட்டும். இரண்டு நிமிட வேலை. கரண்ட் போவது நம் ஊரில் கேட்க வேண்டியதில்லை. கன்ட்ரோலும் எஸ்-உம் அழுத்திச் சேமிக்கிற பழக்கம் ஒவ்வொரு பொருள் முடிந்ததும் வரணும். வி.எஸ். கோடில் ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்று இருக்கிறது, அலுவலகத்தில் அதைப் போட்டுவைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனாலும் அது பாட்டுக்குச் சேமித்துக்கொள்ளும்.

சீசன் பொருள் விஷயம். மாவடு ஊறுகாய் நான்கு மாதம் இருக்கும், பிறகு இருக்காது. இருக்காதபோது பக்கத்திலிருந்து எடுக்கணும், அடுத்த வருஷம் திரும்பப் போடணும். அழித்தால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் சாய்கோடும் சேர்த்து அழுத்துங்க. எழுத்து ஃபைலிலேயே இருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மறுபடி அதையே அழுத்தினால் திரும்ப வந்துவிடும்.

ஆனால் கவனம். இப்படி மறைத்தது பரணில் போட்ட சாமான் மாதிரி, பூட்டிய பெட்டி இல்லை. எந்தப் பக்கத்தையும் பிரவுசரில் வைத்து அதன் மூல எழுத்தைப் பார்க்க வழி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே மறைத்துத்தானே வைக்கிறோம் என்று உறுப்பினர்களின் போன் நம்பர், வங்கிக் கணக்கு எண், யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், பாஸ்வேர்டு இதில் எதையும் அங்கே எழுதவே கூடாது. இது கண்டிப்பு. நம்மை நம்பித்தான் சகோதரிகள் விவரம் கொடுத்திருக்கிறார்கள்.

சின்னச் சின்ன விசைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மேல் அம்பு, கீழ் அம்பு அழுத்தினால் அந்த வரி அப்படியே மேலே கீழே நகரும், பொருளின் வரிசையை மாற்ற இது போதும். ஷிஃப்ட், ஆல்ட், எஃப் மூன்றும் அழுத்தினால் தாறுமாறாகக் கிடக்கிற டேக் எல்லாம் உள்ளே வெளியே என்று தள்ளி அழகாக அடுங்கிவிடும், எந்த மூட்டை கட்டாமல் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆல்ட்டும் இசட்-உம் அழுத்தினால் நீள வரி திரைக்குள் மடங்கி வரும், பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டாம். எல்லாவற்றையும் இன்றைக்கே மனதில் வைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு இரண்டு விசை போதும்.

எழுத்தைப் பெரிதாக்குவது பற்றி யாரும் கேட்கவில்லை, கூச்சமாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை கொஞ்சம் மங்கத்தான் செய்யும். கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்துங்க, எழுத்து பெரிதாகும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்தால்தான் 3, 8 ஆகத் தெரியும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கட்டுப்பாடு. படமோ பக்கமோ, ஆங்கிலச் சின்ன எழுத்தில் மட்டும், இடைவெளி இல்லாமல். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். இணையத்தில் பக்கத்தை வைத்திருக்கிற சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. அலுவலகத்தில் பார்த்தால் படம் அழகாகத் தெரியும், இணையத்தில் ஏற்றினால் காணாமல் போய்விடும். செல்போனில் எடுத்த படத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருப்பது சகஜம். ஏற்றும் முன் மாற்றிவிடுங்க.

எழுதி முடித்ததைச் சரிபார்க்க டபிள்யூ த்ரீ சி என்ற அமைப்பு இலவசமாக ஒரு கருவி வைத்திருக்கிறது. 1994-ல் அந்த டிம் பெர்னர்ஸ் லீயே தொடங்கிய அமைப்புதான். பக்கத்தைக் கொடுத்தால் எந்த வரியில் எந்த டேக் மூடவில்லை என்று சொல்லும். ஆங்கிலத்தில்தான் சொல்லும், ஆனால் வரி எண் கொடுக்கும். எடிட்டரில் கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தி அந்த எண்ணைப் போட்டால் நேராக அந்த வரிக்கே போய் நிற்கலாம். இப்போது செயற்கை நுண்ணறிவே முழுப் பக்கத்தையும் எழுதித் தந்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று ஒரு தங்கை கேட்டார். தரட்டும், வாங்கிக்கொள்ளலாம். அது எழுதியதில் கடலை மிட்டாய்க்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்கவும், தப்பு என்றால் அந்த இடத்தைத் தேடித் திருத்தவும் நமக்குத் தெரிந்திருக்கணும்.

இதெல்லாம் டேக்கின் தப்பைக் காட்டும். விலையின் தப்பை எந்தக் கருவியும் காட்டாது. அதற்கு நம் பழைய முறைதான். வங்கிக்குப் பணம் கட்டும்போது ஒருவர் எண்ண, ஒருவர் எழுதுவோம் இல்லையா? அதே மாதிரி ஒருவர் தீர்மான நோட்டை வைத்துக்கொண்டு பொருள், எடை, விலை என்று சத்தமாகப் படிக்கணும். இன்னொருவர் செல்போனில் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கணும். எழுதியவரே பார்க்கக் கூடாது. எழுதியவர் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்டபிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மாற்றிய பிறகும் செல்போனில் பழைய விலையே தெரிந்தால் பதற்றப்படாதீங்க, பிரவுசர் முன்பு பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்திப் புதிதாக எடுத்துப் பாருங்க.

உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. இந்த ஆறு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "நிழலில் சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்று பேச்சு வரக்கூடும். வெளியாளுக்கு ஒரு எண்ணை மாற்றப் பணம் கொடுத்தோம், அப்போது அது வேலையாகத் தெரிந்தது. நம் வீட்டுப் பெண் செய்தால் அது சேவை என்று சொல்வது சரியில்லை. எத்தனை மணி நேரம் என்று பதிவேட்டில் எழுதி மதிப்பூதியம் கொடுக்கணும் என்பது என் கருத்து. எவ்வளவு என்பதை அடுத்த செயற்குழுவில் நீங்கள் பேசி முடிவு செய்யுங்க. நாள் பூராவும் இழுக்காமல் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தால் கூட்டமைப்புக்கும் செலவு குறைவு, செய்கிறவரும் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு போகலாம்.

பயிற்சி செவ்வாய், வெள்ளி மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அலுவலகத்தில் நடக்கும். இரண்டு இரண்டு பேராக உட்காரலாம். முதல் வாரம் நிஜப் பக்கத்தைத் தொட மாட்டோம், நகலில்தான் பழகப் போகிறோம், அதனால் என்ன ஆனாலும் பயமில்லை. நோட்டு, பேனா கொண்டு வாங்க. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் அதையும் எடுத்து வாங்க. கருப்பட்டிக் குழு பிரதிநிதி புது விலையை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால், அதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.